அடுப்படிக்கு ஒரு சன்னல்

மூலக்குளத்தில் எங்கள் வீடு நாட்டு ஓடு வேய்ந்தது. முன்னே திண்ணை, மரத்தூண்கள், நடுவில் முற்றம். அதைப் பழுதுபார்க்கத் தொடங்கியபோது தம்பி ஒரே நிபந்தனை வைத்தான்: "அக்கா, பழசு மாறாம இருக்கணும்."

அவன் மனத்தில் இருந்தது புதுச்சேரியின் வைசியாள் வீதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இன்டாக் அமைப்பு அங்கே தமிழ் வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தது. 2008இல் அதற்கு யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. தாழ்வாரமும் திண்ணையுமாக நீளும் அந்த வரிசை எனக்கும் பிடிக்கும். முகப்பு தெருவுக்குப் பொதுவானது. பொதுப்பணம் அங்கே போவது நியாயம்தான். முகப்பையே வீடு என்று நாம் எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

எங்கள் திண்ணையில் தாத்தா உட்கார்ந்தார், அப்பா உட்கார்ந்தார். அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருடைய இடம் பின்கட்டு: சன்னலில்லாத அடுப்படி, அதையொட்டி, மாதத்தில் மூன்று நாள் பெண்கள் ஒதுங்கியிருந்த சிறு அறை. பழசு மாறக்கூடாது என்றால் இவையும் மாறக்கூடாதா?

அடுப்படிச் சுவரைத் திறந்தால் வீட்டின் அமைப்பே கெட்டுவிடும் என்றான் தம்பி. அதுவரை யாரும் அம்மாவைக் கேட்கவில்லை. நான் கேட்டேன். "நாப்பது வருஷம் பொகைய முழுங்கியாச்சு. ஒரு சன்னல் வைங்க" என்றார்.

அப்படியானால் அந்த அறையை இடித்துவிடலாமா? அதற்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. இடித்துவிட்டால், இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடும். பழமையைக் காப்பது என்பது சாட்சியைக் காப்பது, வழக்கத்தைத் தொடர்வதல்ல.

பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்கு 1964இல் உருவான வெனிஸ் சாசனத்தில் ஒரு விதி உண்டு. அழிந்த பகுதிக்கு மாற்றாகப் புதிதாக வைப்பது மொத்தத்தோடு இசைய வேண்டும். அதேசமயம் பழையதிலிருந்து வேறாகவும் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வரலாறு பொய்யாகிவிடும். கல்லுக்கும் மரத்துக்கும் சொன்ன இந்த நேர்மையைப் பெண்களின் வாழ்வுக்கும் கேட்கிறேன்.

சன்னல் வைத்தோம். அதைப் பழைய தேக்குபோலக் காட்ட முயலவில்லை. புதுச் சன்னல் புதிதாகவே தெரிகிறது. புகையேறிய உத்தரத்தைச் சுரண்டவில்லை. சிறு அறையின் கதவை மட்டும் கழற்றினோம். நிலை அப்படியே நிற்கிறது. உள்ளே இப்போது அரிசி மூட்டை இருக்கிறது.

"இது எதுக்கு ஆயா கட்டுனாங்க?" என்று தம்பி மகள் ஒருநாள் கேட்டாள். அம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தம்பியும் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.