வேலை நின்றால் நாளும் நின்றுவிடுமா?

அல்லாஹுத் தஆலா வழங்கிய நிஃமத்துகளில் இரண்டின் விஷயத்தில் மக்களில் அநேகர் நஷ்டமடைந்து நிற்கிறார்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஒன்று உடல் நலம், மற்றொன்று ஓய்வு. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி ஷரீபில் உள்ளது. உடல் நலம் நிஃமத் என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். ஆனால் ஓய்வு? அதிலும், தேடாமலே தலைமேல் வந்து விழுந்த ஓய்வை, வேலையிழந்தவனின் ஓய்வை, நிஃமத் என்று சொல்ல நாவு எழுமா?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் குடியிருப்போருக்கு இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை, 2014 நவம்பர் 1-ஆம் தேதியோடு நின்றது. ஒரு காலத்தில் அங்கே நேரடியாக வேலை பார்த்தோர் மட்டும் சுமார் 8,000 பேர். பெரும்பாலோர் இளைஞர்களும் இளம் பெண்களும். 2020 மார்ச் இறுதியில் வந்த ஊரடங்கில் வட்டாரமே ஓய்ந்தது. 2024-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் செப்டம்பர் 9 முதல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. காரணங்கள் வேறு வேறு. வீட்டில் வந்து உட்கார்ந்தவனின் நிலை ஒன்றே.

கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து போக இடமில்லை. போர்வையை இழுத்துக்கொள்கிறான், சுபுஹு தவறுகிறது. பகலெல்லாம் கைபேசி, இரவெல்லாம் விழிப்பு. மனைவி சாதாரணமாக ஒன்று கேட்டாலும் குத்திக் காட்டுவதாகத் தோன்றுகிறது. இவன் சோம்பேறியா? இல்லை. நேற்று வரை ஷிப்ட் முழுவதும் நின்றபடியே உழைத்தவன். எப்போது எழுவது, எப்போது உண்பது என்பதையெல்லாம் ஆலைச் சங்கு அவனுக்காகத் தீர்மானித்து வந்தது. சங்கு நின்றதும், தன் நாளைத் தானே நடத்தத் தெரியாமல் திகைக்கிறான்.

இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் பள்ளிவாசல்கள் பூட்டப்பட்டு, ரமலான் தராவீஹையும் வீட்டிலேயே தொழுதோம். ஓதிக் கொடுக்கும் வேலையும் நின்றது. நெடுநாள் தள்ளிப்போட்ட கிதாபுகளைப் படித்து முடிப்பதென்று நிய்யத் வைத்தேன். இரண்டு வாரம் ஒரு கிதாபையும் திறக்கவில்லை. என்னை எழுப்பி உட்கார வைத்தது பெரிய சபதம் ஒன்றுமில்லை, பாங்கு ஓசைதான். இரண்டு வக்துகளுக்கு இடையே ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொண்டேன். நாள் மீண்டும் என் கைக்கு வந்தது.

நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டு வந்த ஒரு துஆவில் கவலை, துக்கம், இயலாமை, சோம்பல் இவற்றிலிருந்து சேர்த்தே பாதுகாப்புத் தேடினார்கள். இயலாமையும் சோம்பலும் அங்கே தனித்தனியாகச் சொல்லப்பட்டிருப்பதைச் சிந்திக்க வேண்டும். ஆலை மூடியது இவனுடைய இயலாமை. அதற்கு இவன் குற்றவாளியல்லன். கிடைத்த பொழுதை வீணே போகவிடுவது சோம்பல். அதற்கு இவனே பொறுப்பாளி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், குற்றமில்லாதவனைக் குற்றவாளியாக்குவோம். அல்லது குற்றத்துக்குச் சாக்குச் சொல்லுவோம்.

அன்ஸாரிகளில் ஒருவர் யாசகம் கேட்டு வந்த செய்தியை அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதாக அபூதாவூதில் காண்கிறோம். பொறுமையை மட்டும் உபதேசித்து நாயகம் (ஸல்) அவர்கள் அவரை அனுப்பிவிடவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும் இருந்தன. அவற்றை ஏலமிட்டு இரண்டு திர்ஹம் பெற்றுக் கொடுத்தார்கள். ஒன்றுக்குக் குடும்பத்துக்கு உணவு, மற்றொன்றுக்குக் கோடரி. தம் முபாரக்கான கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்தி, விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். பதினைந்து நாள் கழித்தே வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹமுடன் வந்தார்.

முதலில் பசி, பிறகு கருவி, பிறகு ஒரு தவணை என்ற வரிசையைக் கவனியுங்கள். வேலையற்றவன் தனக்கொரு தவணை வைத்துக்கொள்ளட்டும்: இத்தனை நாளில் இத்தனை இடத்தில் கேட்பேன், இந்தத் தொழிலைக் கற்பேன் என்று. ஜமாஅத்தார் கோடரிக்குக் காம்பு பொருத்தட்டும். அறிவுரை மட்டும் வழங்கிவிட்டு நகர்வது சுன்னத் அல்ல.

வீட்டிலும் வேலை உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கையில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபடுவார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். சம்பளமில்லாத வேலை வேலையே அல்ல என்பது ஆலையின் கணக்கு. அல்லாஹ்வின் கணக்கு அதுவன்று. தண்ணீர்க் குடம் தூக்குவதிலும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித் தருவதிலும் ஆண்மை குறைந்துவிடாது. தாய்மார்களே, நீங்களும் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். ‘இன்னும் கிடைக்கவில்லையா?’ என்ற தினசரிக் கேள்வி, எழ முயல்கிறவனை மறுபடி படுக்க வைத்துவிடும்.

ஆகவே, வேலை போனது முஸீபத்துதான். அதை நிஃமத் என்று அழைக்க வேண்டியதில்லை. அதற்குள் வரும் ஒவ்வொரு மணியும் நிஃமத். மறுமையில் நம் ஆயுளை எப்படிக் கழித்தோம் என்று கேட்கப்படும். சம்பளம் வந்த மணிகளைப் பற்றி மட்டுமே கேட்கப்படும் என்று எங்கும் சொல்லப்படவில்லை.

கைசேதப்படாத பொழுதுகளை நம் அனைவருக்கும் அல்லாஹ் தவ்ஃபீக் செய்தருள்வானாக! ஆமீன்.