எடுத்தாண்ட ஒலி யாருடையது?

பிறர் படைத்த ஒன்றை எடுத்துத் தன் படைப்பில் பதித்துக்கொள்பவன் கள்வனா, கலைஞனா? பழமையான இவ்வினாவை அமெரிக்க ஹிப் ஹாப் இசையின் முன்னோடிகளுள் ஒருவரான மார்லி மார்லின் கலைவாழ்வு மீண்டும் எழுப்புகின்றது.

மார்லன் வில்லியம்ஸ் என்னும் இயற்பெயருடைய இவர் 1962இல் பிறந்தவர். நியூயார்க் நகரின் குவீன்ஸ்பிரிட்ஜ் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளர்ந்து, இசைத்தட்டுகளைச் சுழற்றும் டி.ஜே.யாகத் தொடங்கி, இசைத் தயாரிப்பாளராக உயர்ந்தார். 1980களின் நடுப்பகுதியில், ஒரு பாடலைத் திருத்தியமைத்துக்கொண்டிருந்தபோது, ஒலித்துணுக்குகளைப் பிடித்து வைக்கும் சாம்ப்ளர் கருவியில் டிரம் அடி ஒன்று தற்செயலாகச் சிக்கியது. வேறொருவராயின் அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். மார்லோ அதனைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து கேட்டார். எந்தப் பழைய இசைத்தட்டிலிருந்தும் ஒற்றை அடியைப் பிரித்தெடுத்துத் தாம் விரும்பும் தாளத்தில் அடுக்கலாம் என்பது அவருக்குப் புலனாயிற்று. 1986இல் எம்.சி. ஷான் பாடிய ‘த பிரிட்ஜ்’ பாடலில், 1973ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றின் டிரம் ஒலி இவ்வாறே புத்துயிர் பெற்றது.

தாளம் மட்டுமே வேண்டுமெனில் மின்னணு இயந்திரம் போதும். அது அன்றே கடைகளில் கிடைத்தது. மார்ல் நாடியது மனிதக் கை தோலில் விழும்போது பிறக்கும் உயிர்ப்பை. வழக்கின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது.

எடுத்தாள்வது மட்டுமே களவாகிவிடாது. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என வகுத்த தமிழ் மரபினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 1991இல் வேறுவிதமாகக் கருதியது. கில்பர்ட் ஓசல்லிவனின் பாடற்பகுதியை இசைவின்றிப் பயன்படுத்திய பிஸ் மார்க்கிக்கு எதிரான அத்தீர்ப்பு, களவு செய்யாதே என்னும் விவிலியக் கட்டளையோடு தொடங்கிற்று. அவ்வழக்கில் மார்லுக்குத் தொடர்பில்லை. ஆயினும் அதன்பின் ஒலித்துணுக்குகளுக்கு இசைவு பெறுவது அத்தொழிலில் கட்டாயமாயிற்று.

இசைவு யாரிடம் பெறுவது? உரிமைப் பத்திரம் வைத்திருப்பவரிடம். மார்ல் தயாரிக்க எல்.எல். கூல் ஜே பாடி 1990இல் வெளிவந்த ‘மாமா செட் நாக் யூ அவுட்’ பாடலில், ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ ஒலிக்கின்றது. அந்த டிரம்மை வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டு. ஊதியத்திற்கு வாசித்த அவர் பெயர் ஆக்கியோர் பட்டியலில் இடம்பெறவில்லை. நூற்றுக்கணக்கான பாடல்கள் அவ்வொலியை எடுத்தாண்டன; உரிமைத்தொகை செலுத்தப்பட்ட போதும் அது அவரைச் சேரும் வழி இல்லை.

கூலி பெற்ற கொத்தன் வீட்டில் பங்கு கேட்பதுண்டா என வினவுவர் சிலர். உண்மைதான். ஆனால் அவன் எழுப்பிய சுவரைப் பெயர்த்துப் பெயர்த்து நூறு மாளிகைகளில் பதிப்பதில்லையே! மேலும், இயந்திரத்தை விடுத்து ஒரு கையின் உயிர்ப்புக்காகவே ஒலியை எடுத்தவர், அக்கைக்குரியவர் யாரெனக் கேளாதிருப்பது எவ்வாறு பொருந்தும்? இக்கடன் மார்ல் ஒருவருடையது அன்று. ஏறத்தாழ அக்கலை முழுவதும் சுமப்பது. சட்டத்தைப் பின்பற்றியதனால் மட்டும் அது தீர்ந்ததாகக் கொள்ள இயலாது.

ஸ்டபிள்ஃபீல்டு மேடிசன் நகரில் நெடுங்காலம் வாழ்ந்து 2017இல் மறைந்தார். பணம் தமக்குப் பெரிதன்று, வாசித்தவர் இன்னார் எனத் தம் பெயர் குறிக்கப்பெற்றாற் போதும் என்பதே முதுமையில் அவர் கூறி வந்தது.