காணாத முகத்திற்கு இடும் உணவு

வெள்ளைக் கொடி போர்க்களத்தில் தோல்வியின் அடையாளம். ‘இனி இயலாது’ என்பதை வாய் திறவாமல் சொல்வது. 2021ஆம் ஆண்டு சூன் மாத இறுதியில் மலேசியாவின் அடுக்குமாடி வீடுகளிலும் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் அக்கொடி வேறொரு பொருளில் பறந்தது. பெருந்தொற்றைத் தடுக்க நாடு முடக்கப்பட்டிருந்த வேளை அது. வேலையிழந்து, வீட்டில் அரிசியும் தீர்ந்துவிட்டவர்கள் ஒரு வெள்ளைத் துணியை வாயிலிலோ சன்னலிலோ கட்டினால் போதும், அண்டை அயலார் கண்டு உதவுவர் என்று சமூக ஊடகங்களில் எழுந்த அழைப்பு சில நாள்களில் நாடெங்கும் பரவியது. இனம், சமயம் பாராமல் மக்கள் உணவுப் பொட்டலங்களோடு கொடி கண்ட வீடுகளை நாடிச் சென்றனர். கொடியை உயர்த்துவதினும் இறைவனை வேண்டிக் கைகளை உயர்த்துவதே மேல் என்று அரசியலார் ஒருவர் கூறியதும், அதனைப் பலர் கண்டித்ததும் அந்நாள்களில்தான்.

அக்கொடி பசியை மட்டும் அறிவிக்கவில்லை. கேட்பதற்கு நாக் கூசும் ஒருவனைக் கேட்கும் துன்பத்தினின்று அது பாதி விடுவித்தது. பாதிதான், ஏனெனில் கொடி கட்டிய சன்னலைத் தெருவே பார்த்தது. ‘இரவு’ என்றோர் அதிகாரத்தையும் ‘இரவச்சம்’ என்றோர் அதிகாரத்தையும் வள்ளுவர் அடுத்தடுத்து வைத்திருப்பது தமிழாசிரியர் அனைவரும் அறிந்ததே. கேட்பதிலும் ஓர் இன்பம் உண்டு என்று முன்னதில் இசைந்தவர், பின்னதில் கேட்க நேரும் நிலையை எண்ணி உலகைப் படைத்தவன் மீதே சினங்கொள்கிறார். இதனை முரண்பாடு என்று வகுப்பறையில் சொல்லிக் கடந்துவிடுவது எளிது. பசியும் மானமும் ஒரே உடம்பில் குடியிருப்பதை அறிந்தவருக்கு அதில் முரண்பாடு இல்லை.

உணவு வங்கி என்னும் ஏற்பாடு இக்கூச்சத்திற்கு மற்றொரு வகையில் விடையளிக்கிறது. 1967ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் சான் வான் ஹெங்கல் என்பவர் முதல் உணவு வங்கியைத் தொடங்கினார். கடைகள் விற்க முடியாமல் கழிக்கும் நல்ல உணவை ஓரிடத்தில் சேர்த்து, வேண்டுவோர் எடுத்துச் செல்ல வழி செய்வதே அவர் நோக்கம். (வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய தருமச்சாலையின் அடுப்பை மூட்டியது 1867இல், இடையே சரியாக ஒரு நூற்றாண்டு.) சிங்கப்பூரில் 2012இல் ஓர் உணவு வங்கி தோன்றியது. பொது இடங்களில் பெட்டிகளை வைத்துப் பொருள்களைப் பெறுவதும், பெற்றவற்றை முதியோர் இல்லங்கள், குடும்ப சேவை நிலையங்கள் போன்ற அமைப்புகளின் வழியே பகிர்வதும் அதன் முறை.

வடலூர் அடுப்பையும் பேரங்காடியின் பெட்டியையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு புலப்படும். தருமச்சாலையில் இடுபவர் உண்பவரின் முகத்தைக் காண்கிறார். சோறு குழைந்திருந்தால் அம்முகம் காட்டிவிடும். போதவில்லை என்றால் கை நீளும். பெட்டியில் இடுபவரோ எம்முகத்தையும் காண்பதில்லை. பெறுபவரும் தமக்கு ஈந்தவர் எதிர்வீட்டாரா, உடன் பணிபுரிபவரா என்று அறியார். பெறுபவருக்கு இம்மறைவு பெருங்கொடை. நன்றி சொல்லிக் கூனிக் குறுகும் கடமை அவருக்கில்லை. நாளை மின்தூக்கியில் ஒருவரையொருவர் சந்திக்கும்போது தலை கவிழ வேண்டியதுமில்லை.

ஆனால் அம்மறைவு கொடுப்பவரையும் மறைக்கிறது. விருந்தினர் இலையில் வைக்க ஒரு நாளும் துணியாத சார்டின் டின்னை, விளிம்பு நசுங்கி நாள் கடந்ததை, ஒருவர் கூச்சமின்றிப் பெட்டியில் போட இயல்கிறது. பார்ப்பதற்குத்தான் எவருமில்லையே! அலமாரியைத் தூய்மை செய்ததும் அறம் செய்ததும் ஒரே செயலாக முடிந்துவிட்ட மனநிறைவோடு அவர் வீடு திரும்புகிறார்.

மிகுந்ததைக் கொடுப்பது இழிவு என்பது இதன் கருத்தன்று. உணவு வங்கியின் பிறப்பே மிகுதியிலிருந்துதான். 2023இல் மட்டும் சிங்கப்பூரில் ஏறத்தாழ 7 இலட்சத்து 55 ஆயிரம் டன் உணவு கழிவாயிற்று. அதில் உண்ணத்தக்கது ஒரு பிடியேனும் ஒருவர் தட்டை அடைந்தால் நன்றே. நாள் கடக்க இரு வாரமே உள்ள பிஸ்கட்டை அவ்வாறே சொல்லிக் கொடுப்பதிலும் குற்றமில்லை. எஞ்சியது வேறு, ஒதுக்கியது வேறு. தனக்கும் உகந்தது தன் தேவைக்கு மேல் இருப்பதால் தருவது முன்னது. தனக்கு ஆகாது என்று கழித்ததைப் பிறருக்கு ஆகும் என்று தருவது பின்னது. பின்னதைச் செய்பவர் தம்மை அறியாமலே மனிதரை இரு தரமாகப் பிரித்துவிடுகிறார்.

இதற்குச் சட்டம் துணை வருமா எனில், ஓரளவே வரும். நல்லெண்ணத்தோடு உணவு ஈபவரை வழக்கிலிருந்து காக்க மலேசியா 2020இல் ஒரு சட்டம் கண்டது. சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2024 ஆகத்து மாதத்தில் அத்தகைய சட்டமொன்றை நிறைவேற்றியது. உணவு கெடாதிருத்தல், அதனைக் கையாளும் முறையையும் உண்ண வேண்டிய காலவரையறையையும் அறிவித்தல் முதலிய நிபந்தனைகளைச் சிங்கப்பூர்ச் சட்டம் விதிக்கிறது. வயிற்றுக்குத் தீங்கு வராமல் சட்டம் காக்கும். மனத்திற்கு வரும் தீங்கு அதன் எல்லைக்குள் இல்லை.

முகம் காணாமையால் விளையும் மற்றொரு குறையில் தீய எண்ணம் சிறிதுமில்லை. அதனாலேயே அது எளிதில் புலப்படுவதில்லை. பசி என்றதும் கொடுப்பவர் மனத்தில் தோன்றுவது அரிசியும் உடனடி மீயும்தான். நீரிழிவால் வாடும் மூதாட்டிக்கு அம்மீ என் செய்யும்? சோறு உண்டு, சோப்பு இல்லை என்ற வீடும் உண்டு. கைக்குழந்தைக்கு டயப்பரும் பருவமெய்திய பெண்ணுக்கு அணையாடையும் இல்லாத வீட்டில் அரிசிப் பை மட்டும் மூன்று நின்றால், கொடை மிகுந்தும் குறை தீராது. அவற்றைக் கேட்க நாக் கூசுவது போலவே கொடுக்கவும் கை கூசுகிறது போலும்!

‘மணிமேகலை’யில் ஆபுத்திரன் கதை இங்கே நினைவிற்கு வருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியைப் பெற்றவன் அவன். வரம் தர வந்த இந்திரனை அவன் மதியாது நகைக்க, இந்திரன் சினந்து பாண்டி நாட்டில் மழையைப் பெருக்கி வளம் கொழிக்கச் செய்தான். பசித்தவர் ஒருவருமில்லை. உண்பார் உளரோ என்று ஊர் ஊராய்த் தேடியவனைக் கண்டு மக்கள் எள்ளினர். பசி தீர்ந்த நாடு அவனுக்குத் தண்டனையாயிற்று! வறுமையுற்ற சாவக நாட்டை நாடிக் கப்பலேறியவன் இடையில் மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டு, பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, உண்ணாது உயிர் துறந்தான். கதையைக் கற்பிக்கும்போது அவனுடைய ஈகை நெஞ்சமே போற்றப்படுகிறது. போற்றத்தக்கதுதான். ஆயினும் பசித்தவர் இன்மை ஈவோனுக்குத் துயரமாகலாமா என்ற வினாவை மாணவர்முன் வைக்கும் ஆசிரியர் அரியர்.

அவ்வினா இன்றைய பெட்டிக்கும் உரியது. தீபாவளியும் நோன்புப் பெருநாளும் நெருங்கும்போது பெட்டிகள் நிரம்புவதும், விழா கழிந்த மாதங்களில் மெலிவதும் கொடுப்பவரின் காலக்கணக்கைக் காட்டுகின்றன. பெறுபவரின் வயிற்றுக்கு அப்படியொரு நாட்காட்டி இல்லை. ஊதியம் போதாமையே பசிக்குக் காரணமாயிருக்க, நிரம்பிய பெட்டியைக் கண்டு சமுதாயம் அமைதியடைவதும் ஆபுத்திரன் துயரின் மறுபுறமே. அதற்காகப் பெட்டியை எடுத்துவிடுக என்பார் சொல் இன்றிரவு உலையேற்றாத வீட்டிற்கு உதவாது.

சிங்கப்பூரின் மௌண்ட்பேட்டன் வட்டாரத்தில் 2020இல் ஓர் அறநிறுவனம் வேறொரு முறையைத் தொடங்கியது. பொட்டலத்தைக் கையில் திணிக்காமல், பொருள்களைக் கடையில் அடுக்குவது போல் அடுக்கி, உதவி பெறும் குடும்பத்தினரே வந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளச் செய்தது. விலை இல்லை, தேர்வு உண்டு. அத்தகைய கடைக்கு வரும் ஒரு தாய் மைலோ டின்னை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் விரும்பாத பிஸ்கட்டை அங்கேயே விட்டுச் செல்லலாம். பெட்டியில் எதையோ இட்டுச் சென்ற ஒருவர் அவ்வேளை அங்கு நின்றிருந்தால், தாம் கொடுத்தது அலமாரியில் எத்தனை நாள் எவர் கையும் படாமல் இருக்கிறது என்பதையும் கண்டிருப்பார்.