கைக்கு ஈடு

ஒரு மனிதனின் கைக்கு ஈடாக எதனைக் கொடுக்கலாம் என்ற வினாவை நம் முன்னோர் ஒரு கதையாக எழுப்பி, கதையாகவே விடையும் கண்டனர். இரவுக் காவலின்போது ஓர் ஏழை அந்தணன் வீட்டுக் கதவைத் தட்டிய பாண்டியன், அவ்வில்லத்தார்மேல் பழி சேராதிருக்கும் பொருட்டு அவ்வீதிக் கதவுகள் அனைத்தையும் தட்டினான். பின்னர் குற்றமிழைத்த கையைத் தானே வெட்டினான். பொன்னாற் கை செய்து பூண்டான். பொற்கைப் பாண்டியன் கதையை வகுப்பறையிற் சொல்லுந்தோறும் அரசநீதியின் உயர்வையே நாம் எடுத்துரைத்து வருகிறோம். கையிழந்தபின் பொன் பெற்றவன், அக்கையால் உழைத்து உண்ணவேண்டிய நிலையில் இருந்தவனல்லன் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

புளியங்குளத்திலே நெடுங்கேணி வீதி பிரியும் சந்தியில் நின்று பார்ப்பவர்க்கு இந்தக் குறை உறைக்கும். 2009ஆம் ஆண்டில் யுத்தம் முடிந்தபின் சில ஆண்டுகள் வன்னிப் பெருநிலம் முழுவதுமே ஒரு கட்டிடத்தளமாக இருந்தது. 1990இல் அற்றுப்போன வடபகுதிப் புகையிரதப் பாதையை இந்தியாவின் இர்கொன் நிறுவனம் மீளவும் அமைத்தது. 2013ஆம் ஆண்டு செப்தெம்பரில் வண்டி இவ்வூரைக் கடந்து கிளிநொச்சி வரை சென்றது. கண்டி வீதி அகன்றது. காடு மூடிய வளவுகளில் அத்திவாரங்கள் எழுந்தன. வீட்டுத் திட்டங்கள் பல வந்தன. அவற்றுட் பெரியது இந்திய வீடமைப்புத் திட்டம். 2012 முதல் அதன்கீழ் வீடொன்றுக்கு வழங்கப்பட்ட கொடை ஐந்தரை இலட்சம் ரூபா.

இந்த ஐந்தரை இலட்சத்தை வாசகர் நினைவில் இருத்திக்கொள்க.

அக்காலத்தில், ஏதோவொரு திட்டத்தின் உதவியால் எழுந்துகொண்டிருந்த ஒரு வீட்டிலே - எத்திட்டம் என்பது இங்கு முக்கியமன்று - சுவரின் மேல்வரிசைக் கல்லை வைத்துக்கொண்டிருந்த மேசன் ஒருவர், தாம் நின்ற பலகை நழுவிக் கீழே விழுந்தார். பத்தடி உயரந்தான். வலக்கையின் முழங்கை நொறுங்கிற்று. மாதக்கணக்கில் வைத்தியசாலைக்கு அலைந்தும், சாந்துக் கரண்டியை இறுகப் பற்றும் வலு அக்கைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்காரி கணவனை யுத்தத்தில் இழந்தவர். மூன்று பிள்ளைகளின் தாய். மேசனின் மூத்த மகன் எம் வகுப்பிலே இருந்தான். அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. தந்தையின் கரண்டியை எடுத்துக்கொண்டு கையாளாக வேலைக்குப் போய்விட்டான். அவனைத் தேடிச் சென்றபோதுதான் இவ்விடயம் முழுவதும் எமக்குத் தெரியவந்தது.

"சட்டத்தில் ஏதும் வழியில்லையா?" என்று அவர் எம்மைக் கேட்டார். தமிழ் படித்தவனிடம் சட்டங் கேட்பது நம்மூர் வழக்கம். நாமும் தேடிப் படித்தோம்.

இவ்விடயத்திலே சட்டம் நடந்துவந்த பாதை நீண்டது. 1842இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில், புகையிரத இயந்திர ஓட்டுநராயிருந்த ஃபார்வெல் என்பவர் சக ஊழியர் ஒருவரின் தவறினால் தம் வலக்கையை இழந்து கம்பனிமீது வழக்கிட்டார். பிரதம நீதியரசர் ஷோ அவ்வழக்கைத் தள்ளினார். ஆபத்தான தொழிலுக்கு வருகிறவன் அந்த ஆபத்தை அறிந்தே வருகிறான், அவன் பெறும் கூலியிலே ஆபத்தின் விலையும் அடங்கியிருக்கிறது என்பது அத்தீர்ப்பின் சாரம். உடன்படிக்கைச் சுதந்திரம் எனும் அழகிய சொல்லின் உள்ளே எத்துணைக் கொடுமை பொதிந்திருக்கக்கூடும் என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பசி தள்ள வந்தவனைப் பார்த்து, "நீ விரும்பியன்றோ வந்தாய்" என்று கேட்பது தர்க்கமாகலாம், அறமாகாது.

தொழிலாளர் இயக்கம் வலுப்பெற்ற நாடுகளிலே அத்தர்க்கம் படிப்படியாக உடைந்தது. ஜேர்மனி 1884இல் விபத்துக் காப்புறுதியைச் சட்டமாக்கிற்று. பிரித்தானியா 1897இல் நட்டஈட்டுச் சட்டம் இயற்றியது. யார் பிழை என்ற விசாரணையை ஒதுக்கிவைத்து, எவருடைய தொழில் நிமித்தம் காயம் நேர்ந்ததோ அவரே ஈடு செய்க என்று கூறியமை அச்சட்டத்தின் பெருமை. ஆயினும் அது கட்டிடத் தொழிலாளி எல்லோரையும் அணைத்துக்கொள்ளவில்லை. முப்பது அடிக்கு மேற்பட்ட உயரமுடைய, சாரக்கட்டு அமைத்துக் கட்டப்படும் கட்டிடங்களுக்கே அது செல்லுபடியாயிற்று. இருபத்தொன்பது அடியிலிருந்து விழுபவனின் எலும்பு உடையாது போலும்! 1906இல் அந்த அளவுகோல் மறைந்தது. ஆனால் வேறொரு வேலி எழுந்தது: எசமானின் தொழிலுக்கோ வியாபாரத்துக்கோ அல்லாமல் இடையிடையே வந்து வேலை செய்து போகிறவன் இச்சட்டத்தின் நோக்கில் வேலையாள் அல்லன்.

இலங்கையின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம், 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கம், இந்த மரபிலே பிறந்தது. அதனை நாம் இழித்துரைக்கவில்லை. கைக்கு இவ்வளவு, கண்ணுக்கு இவ்வளவு, விரலுக்கு இவ்வளவு எனச் சதவீதம் குறித்த அட்டவணையை அது தருகிறது. ஒப்பந்தக்காரரின் கீழுள்ள கூலியாளுக்கு, அவ்வேலையைத் தம் தொழிலின் பகுதியாக ஒப்பந்தத்திற் கொடுத்த தலைமை நிறுவனமும் பொறுப்பாகும் என்கிறது. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கும் கடதாசி சட்டத்தின்முன் வெறுங் கடதாசியே. இறந்தவனுக்குரிய பணம் ஆணையாளரிடம் வைப்பிடப்பட்டு, தங்கிவாழ்ந்தோர்க்குப் பங்கிடப்படுகிறது. புகையிரதப் பாதையிலோ பெருவீதியிலோ வேலை செய்து காயமுற்றவர்க்கு இவ்வாயில் உண்டு. இவற்றை நம் மாணவர் அறிந்திருத்தல் நன்று, பாடத்திட்டத்தில் இல்லை.

ஆனால் அந்த அட்டவணை, சதவீதத்தைக் காயமுற்றவனின் மாதச் சம்பளத்தோடு பொருத்தியே தொகையைக் காண்கிறது. குறைந்த கூலி பெறுபவனின் கை குறைந்த விலைக் கை ஆகிறது. உயிரோடிருந்த காலமெல்லாம் குறைவாகக் கொடுத்தமையே, அவன் உடைந்தபின்னும் குறைவாகக் கொடுப்பதற்கு நியாயமாகிறது. எல்லாவற்றுக்கும் மேல் ஓர் உச்சவரம்பு. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அவ்வரம்பு எவ்வளவு? ஐந்தரை இலட்சம் ரூபா. வன்னியில் வீடுகள் எழுந்த அந்த ஆண்டுகளிலே ஒரு வீட்டுக்கான கொடையும், அதைக் கட்டுகையில் ஒருவன் உயிரையே இழந்தாலும் சட்டம் அளிக்கக்கூடிய மிகப்பெரிய தொகையும் ஒன்றாகவே இருந்தன. இஃது எவரும் திட்டமிட்டுச் செய்த சமன்பாடு அன்று, தற்செயலே. 2022இல் வந்த திருத்தம் வரம்பை இருபது இலட்சமாக உயர்த்தி, வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் உள்ளடக்கியது. வரவேற்கத்தக்கதே.

எம் மேசனுக்கோ இவற்றுள் எதுவுமே இல்லை. எசமானின் தொழில் அல்லது வியாபாரத்தின் பொருட்டு வேலை செய்பவனே சட்டம் கூறும் வேலையாள். விதவைப் பெண் தான் குடியிருக்க எழுப்பும் வீடு எவ்வகை வியாபாரம்? அவருக்கு எஞ்சியிருந்தது உரோம டச்சுச் சட்டத்தின் கீழான குடியியல் வழக்கு ஒன்றே. அங்கே கவலையீனத்தை நிரூபிக்க வேண்டும். அதுவும் இரண்டு ஆண்டுகளுள் வழக்கிட வேண்டும். யாருக்கு எதிராக? பலகையை உறுதியாகக் கட்டுவிக்கவில்லை என்று அந்த மூன்று பிள்ளைகளின் தாய்க்கு எதிராகவே! இதனை நாம் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "அந்த அக்காவுக்கு எதிராய் நான் கோட்டுக்குப் போறதோ? என்ன கதை மாஸ்டர்!" என்றார்.

அவர் சொன்னது சரியென்றே நமக்குப் பட்டது. ஆனால் ஏன் சரி?

பயனடைபவனே பாரமும் சுமக்கவேண்டும் என்பது நட்டஈட்டுச் சட்டத்தின் உள்ளே கிடக்கும் அறம். இலாபம் ஒருவனுக்கும் காயம் இன்னொருவனுக்குமாய்ப் பிரிந்து கிடக்கலாகாது என்ற அளவில் அது சிறந்த அறமே. எனினும் இலாபம் என்பதைக் காசாக மட்டுமே காணும் கண்ணுக்கு, இலாபமில்லாத இடத்திலே பொறுப்பும் தென்படுவதில்லை. வீட்டுரிமையாளர் தாமே கட்டிக்கொள்ளும் முறையை நாம் குறைகூற வரவில்லை. ஒப்பந்தக்காரரின் கொள்ளையைத் தவிர்த்து, தன் வீட்டின் அளவையும் வாசலையும் தானே தீர்மானிக்கும் மதிப்பை அது மக்களுக்கு அளித்தது. ஆனால் அதே முறையினால், கொடுத்தவர்கள் கணக்கிலே வீடு வந்து சேர்ந்தது. விபத்து எவர் கணக்கிலும் சேரவில்லை. கல்லுக்கும் சீமெந்துக்கும் ஓட்டுக்கும் கூலிக்கும் மதிப்பீட்டுத் தாளிலே நிரல் உண்டு. விழுபவனுக்கு நிரல் இல்லை. வீடுதோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி ஒரு பொதுக் காப்புநிதி வைத்திருந்தால், எந்த அக்காவுக்கு எதிராகவும் எவரும் கோட்டுக்குப் போகவேண்டியதில்லை. யுத்தத்தால் அழிந்த ஊரை மீளக் கட்டுவது அந்தப் பெண்ணின் தனிச் சொந்த அலுவலா? ஊர் முழுவதும், நாடு முழுவதும் செய்ய முன்வந்த வேலையல்லவா? ஏவியவர் பலராயிருக்க, எசமான் பட்டம் மட்டும் ஏழை ஒருத்தியின் தலையில் ஏன் விழவேண்டும்?

'நட்டம்' வணிகன் கணக்கேட்டுச் சொல். 'ஈடு' என்பதற்குச் சமம் என்றும் பொருளுண்டு; அடகு என்றும் பொருளுண்டு. காணியை ஈடு வைத்தான், நகையை ஈடு வைத்தான் என்கிறோம். கூலிக்கு வருபவன் ஒவ்வொரு காலையும் தன் உடம்பை ஈடு வைத்துவிட்டே பலகையில் ஏறுகிறான். மாலையில் மீட்டுக்கொண்டு போனால் அன்றைய நாள் கழிந்தது. மீட்கமுடியாமற்போன பொருளுக்கு யார் பொறுப்பு என்பதே நம்முன் நிற்கும் வினா. சட்டம் அதற்குப் பாதி விடை சொல்லி நிற்கிறது.

வீடு முடிந்து குடிபுகுந்த பின்னர் வந்த முதற் காலபோகத்தில், அந்தப் பெண் தன் வயலில் விளைந்த நெல்லில் நான்கு மூடையை மேசன் வீட்டில் இறக்கினார். அவருக்கு அது கடமையென எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவரிடம் மிகுதியாய் இருந்த நெல்லும் அன்று அது. மேசன் வேண்டாமென்று மறுத்தாராம். அடுத்த போகத்திலும் மூடைகள் வந்தன. நாம் கடைசியாய்ப் போனபோது அவ்வீட்டின் மேற்குச் சுவரில், அவர் விழுந்த இடத்திலே, ஒரு வரிசைக் கல் சற்றுக் கோணலாய் இருந்தது. வேறொருவர் வைத்து முடித்த வரிசை அது.