ஊரின் தாய்ப்பத்திரம்

அரை கிரவுண்டு மனை வாங்கப் போனாலும் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது, "தாய்ப்பத்திரம் இருக்கா?" என்பதுதான். வில்லங்கம் பார்த்து, பட்டாவை ஒப்பிட்டு, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று தெரிந்த பிறகே முன்பணம் கொடுப்பார்கள். மனைக்கு இத்தனை கேள்வி கேட்கிற நாம், அந்த மனை இருக்கிற ஊருக்கு ஒன்றுகூடக் கேட்பதில்லை.

ஊருக்கும் தாய்ப்பத்திரம் உண்டு. பிறப்பு இறப்புப் பதிவேடு, வரிக் கணக்கு, நில அளவைப் படம், தீர்மானப் புத்தகம் என்று துணியில் கட்டி அடுக்கியிருக்கும்.

அப்படி ஒரு கட்டைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன். முடிச்சு அவிழும்போதே பழுப்புத் தூள் மேசையில் கொட்டியது. தாளின் ஓரம் அப்பளம்போல் ஒடிந்தது. ராமபாணப் பூச்சி பத்துப் பதினைந்து தாள்களை ஊடுருவித் துளைத்திருந்தது. செப்பனிடும் அம்மா மெல்லிய தாளை மேலே பரப்பி, பசை தடவி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டினார். துளை விழுந்த இடத்தில் ஒரு பெயரின் கடைசி எழுத்து போயிருந்தது. என்னவாக இருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. ஆனால் அவர் எழுதவில்லை. "இல்லாத எழுத்தை நாம போடக் கூடாது சார்" என்றார்.

ஊர் இடிந்தும் எழுத்து தப்பிய கதை ஒன்று உண்டு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யாருக்கு யாரோடு வழக்கு என்று அன்றாடச் செய்திகளே அதில் ஏராளம். 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிபட்ட துயரமும் அதில் இருக்கிறது. 1761 ஜனவரி 12 அன்று அவர் இறந்தார். நான்கே நாளில் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டையையும் மாளிகைகளையும் அவர்கள் தரைமட்டமாக்கினார்கள்.

நாட்குறிப்பு தப்பியது. 1846-இல் அது வெளியுலகின் கண்ணில் படும்வரை, அந்த ஏடுகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது பிள்ளையின் குடும்பம். பின்னாளில், ஊரை இடித்த அதே ஆங்கிலேயரின் சென்னை அரசாங்கமே அதை மொழிபெயர்த்து, 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அச்சிட்டது. சென்னை எழும்பூரில் 1909-இல் எழுந்த ஆவணக் காப்பகத்துக்குப் பொறுப்பாளராக இருந்த டாட்வெல், பிற்பகுதித் தொகுதிகளின் பதிப்பாசிரியர்.

கப்பல் வந்த நேரத்தைக் குறித்தபோது, அது ஒரு நாள் வரலாறாகும் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வழியில்லை. நாளைய பிள்ளைகள் நம்மிடம் எதைத் தேடுவார்கள் என்று நமக்கும் தெரியாது. தண்ணீர் வரி ரசீதைத் தேடலாம், மூடிவிட்ட குளத்தின் எல்லையைத் தேடலாம், தன் கொள்ளுப்பாட்டி பிறந்த தெருவைத் தேடலாம். எது தேவைப்படும் என்று தெரியாததனால்தான் எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

தரைமட்டமான புதுச்சேரியை மறுபடி கட்டினார்கள். இன்றும் நாம் அதன் தெருக்களில் நடக்கிறோம். ஆனால் அந்த நாட்குறிப்பில் இடையிடையே ஏடுகள் இல்லாத காலங்கள் உண்டு. அந்த நாட்களை எந்தக் கொத்தனாராலும் எழுப்ப முடியாது. இடிந்த சுவருக்குச் செங்கல் கிடைக்கும். போன எழுத்தை, அந்த அம்மா சொன்னதுபோல, யாரும் போடக் கூடாது, போடவும் முடியாது.