தவக்குலும் மாத்திரையும்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!



நமது புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கி என எந்த ஊரை எடுத்துக் கொண்டாலும், கணவர் சபரில் இருக்கும் வீடுகள் ஏராளம். அவர் இரண்டு மாத லீவில் வருகிறார் என்ற செய்தி வந்ததும் வீடு களைகட்டும். பிள்ளைப் பேற்றுக்காக ஏங்கும் மனைவி நாள்களை எண்ணிக் காத்திருப்பாள். அவளுக்கு வலிப்பு நோய் இருந்தால், "மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை ஊனமாகப் பிறக்கும்" என்று யாராவது காதில் போட்டுவிடுவார்கள். அவளும் மாத்திரையை நிறுத்திவிட்டு, "அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்று இருந்துவிடுவாள். இது தவக்குல் ஆகுமா?

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவருக்கு, அதைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக் கொடுத்தார்கள் (திர்மிதீ). வலிப்பு மாத்திரையும் அந்தக் கயிறு போன்றதுதான். இன்று கட்டி நாளை அவிழ்த்தால் பயனில்லை. அம்மருந்து இரத்தத்தில் ஒரே அளவாக நிலைத்திருக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் வலிப்பு முன்னிலும் கடுமையாக, ஒன்றன்பின் ஒன்றாக வரக்கூடும். கர்ப்பிணி கீழே விழுந்தால் அடிபடுவது இரண்டு உயிர்கள். தாயின் உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு. நம் கைகளாலேயே நம்மை அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாமெனத் திருமறை (2:195) தடுக்கிறதன்றோ!

பிள்ளையைப் பற்றிய அச்சம் நியாயமானதே. ஆனால் உண்மையை முழுமையாக அறிய வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளின் விவரங்களைப் பதிவு செய்து ஆராய்ந்து வருகின்றனர். இத்தகைய தாய்மார்களில் மிகப் பெரும்பாலோர் நல்ல குழந்தைகளையே பெறுகிறார்கள் என்பதை அந்த ஆய்வுகளும் உலகின் பிற ஆய்வுகளும் காட்டியுள்ளன. எல்லா மருந்தும் ஒன்றல்ல. வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவுக்குக் கூடுதல் தீங்கு செய்யக்கூடியது. சுமார் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு உடற்குறை ஏற்படலாம். அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். லாமோட்ரிஜின், லெவெடிராசெட்டம் போன்றவற்றில் அந்த ஆபத்து மிகக் குறைவு. எனினும் மருந்தை மாற்றுவது டாக்டரின் வேலை. எந்த மாத்திரையானாலும் தாமாக நிறுத்தக் கூடாது. மாற்றுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும். ஆகவே கணவர் டிக்கெட் எடுக்கும் முன்பே டாக்டரைப் பார்த்துவிடுங்கள். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் டாக்டர் சொல்லும் அளவில் கருத்தரிக்கும் முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் மூளையும் முதுகுத் தண்டும் உருவாகும் குழல், கரு உண்டான நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. பல பெண்களுக்குத் தாம் கர்ப்பம் என்பதே அப்போது தெரியாது. கர்ப்ப காலத்தில் சில மருந்துகளின் அளவு இரத்தத்தில் குறைந்துவிடும்; டாக்டர் அளவைக் கூட்டினால் பயப்பட வேண்டாம்.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆ வேண்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பொறுமை கொண்டால் சுவனம் உண்டு என்றறிந்து அவர் பொறுமையைத் தேர்ந்தார். தம் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யக் கேட்டார். "அவர் பொறுத்தாரே, நமக்கு மருந்து எதற்கு?" என்பர் சிலர். மருத்துவம் செய்து கொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நபியவர்கள்தாம் (அபூதாவூத், திர்மிதீ). மேலும் கருவைச் சுமப்பவளிடம் இன்னோர் உயிரும் அமானிதமாக இருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பெண்மணி தம் நோயை மறைக்கவில்லை. நாமோ நிக்காஹின்போது மறைத்துவிடுகிறோம்! புகுந்த வீட்டில் மருமகள் மாத்திரையை அரிசிப் பானையில் ஒளித்து வைக்கிறாள். மாமி இருந்தால் விழுங்க அஞ்சுகிறாள். ஒரு வேளை தவறுகிறது, வலிப்பு வருகிறது. உடனே ஜின் என்கிறோம்! ஓதிப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. அதற்காக மாத்திரையைத் தடுக்காதீர்கள். மணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த வலிப்பு நோய், 1999-இல் நீக்கப்பட்டது. நம் உள்ளங்களிலிருந்தும் அது நீங்க வேண்டாமா? பெண் வீட்டார் உண்மையைச் சொல்லட்டும். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பெருந்தன்மையோடு ஏற்கட்டும்.

ரமளானிலும் கவனம் தேவை. மருந்து வேளை தவறுவதும் தூக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். மருந்து வேளையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்றலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். முடியாதென்றால், நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் ஷரீஅத் தந்த சலுகையை ஏற்று, களாவைப் பற்றி ஆலிமிடம் விளக்கம் பெறுங்கள். அது குற்றமன்று, அருள்.

பிரசவத்திற்குப் பின் பெரும்பாலான வலிப்பு மருந்துகளோடு தாய்ப்பால் கொடுக்கலாம். தரையில் அமர்ந்து கொடுப்பது நல்லது. குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட வேண்டாம். இரவில் மாமியோ கணவரோ பிள்ளையைத் தூக்கி வைத்து, அவளைச் சற்று உறங்க விடுங்கள்.

கணவன்மார்களே! வெளிநாட்டிலிருந்து போன் பேசும்போது, "மாத்திரை போட்டாயா?" என்று அன்புடன் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் ஒளிக்க வேண்டியதில்லை என்பதை அந்த ஒரு வார்த்தை சொல்லிவிடும்.

அல்லாஹ் நம் பெண்மக்களுக்குப் பூரண சுகத்தையும் ஸாலிஹான சந்ததிகளையும் தந்தருள்வானாக! ஆமீன்.