பாதி திறந்த தூக்கு

சொற்ப வருமானமுள்ள ஒரு குடும்பம் எந்த நாளில் ஹோட்டலில் உண்ணலாம், எந்த நாளில் வீட்டுச் சமையலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது மேலுக்குப் பார்த்தால் கணக்கு நோட்டைச் சேர்ந்த விஷயந்தான். வாடகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மருந்துக்கும் போக மிஞ்சியதைப் பார்த்து, மாதத்தில் ஒரு வேளை வெளியே சாப்பிடுவதென்று தீர்மானித்துவிட்டால் பிரச்சினை அதோடு தீர்ந்தது என்று விவேகிகள் சொல்வார்கள். ஆனால் ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர்ச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், ஒரு மத்தியானம் நான் கண்ட ஓர் அற்ப நிகழ்ச்சி அந்தக் கணக்குக்குள் அடங்க மறுத்து, இன்றுவரை என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

போளூரிலிருந்து மலை ஏறிவரும் பஸ்கள் நின்று திரும்பும் இடத்துக்குச் சமீபத்தில் இருக்கிற, தகரக் கூரை வேய்ந்த கடை அது. எனக்கு எதிர்ப் பெஞ்சில் மலைக் கிராமத்துப் பெண் ஒருத்தி, ஒரு பையனையும் ஒரு சிறுமியையும் அழைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குழந்தைகளுக்கு இரண்டு அளவுச் சாப்பாடு சொன்னாள். இலை விழுந்து சோறும் வந்த பிறகு, தன் துணிப்பையிலிருந்து எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்து மடியருகே வைத்துக்கொண்டு, அதன் மூடியை எடுக்காமல், பாதி வாய் மட்டும் தெரியும்படி சாய்த்து வைத்து, இடது உள்ளங்கையை அதன்மேல் ஊன்றியபடியே வலது கையால் உண்ணத் தொடங்கினாள். உள்ளே இருந்தது சாமைச் சோறு. பழுப்பு வெண்மையில், அரிசிச் சோற்றைவிடச் சன்னமாக, விரலால் அழுத்தினால் ஒட்டிக்கொண்டும் விட்டால் உதிர்ந்தும் போகிற சோறு. கடைக்காரர் குழம்பு வாளியோடு வந்து, "உனக்கும் ஊத்தட்டாம்மா?" என்று கேட்டார். "பசங்களுக்கு ஊத்துண்ணா, போதும்" என்றாள். அவர் நகரவில்லை. அவள் மூடியை ஒரு விரற்கடை நகர்த்தினாள், குழம்பு விழுந்தது, மூடி மறுபடியும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

அவ்வளவுதான் நடந்தது. அந்த மூடி ஏன் முழுவதும் திறக்கப்படவில்லை என்பதுதான் என் கேள்வி.

ஈக்கு அஞ்சியிருக்கலாம். ஆனால் அந்த ஈக்கள் குழந்தைகளின் இலையிலுந்தான் மொய்த்தன. அவற்றை அவள் விரட்டவில்லை. வெளிச்சோறு உண்ணக் கூடாதென்ற கடை விதிக்குப் பயந்திருக்கலாம். ஆனால் கடைக்காரரே பார்த்துவிட்டார். பார்த்ததோடு நில்லாமல் குழம்பும் ஊற்றினார். மிஞ்சுவது நாணம். சாமைச் சோறு உண்கிறோம் என்று பிறர் காணக் கூடாதென்ற கூச்சம். நகரத்திலிருந்து போகிற எவனுக்கும் முதலில் தோன்றுகிற காரணம் இதுவாகவே இருக்கும். எனக்கும் இதுவே தோன்றியது.

அதற்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. சாமை அந்த மலையின் பிரதான தானியம். மலைச்சரிவில் மழையை மட்டும் நம்பி விதைத்து, அறுத்து, களத்தில் அடித்து, பிறகு அதன் கெட்டியான உமி போகும்வரை உரலில் குத்தி முறத்தில் புடைத்துப் பெண்கள் பட்ட பாட்டை நினைத்தால், ஒரு தூக்குச் சோற்றுக்குப் பின்னால் எத்தனை பேருடைய தோள்வலி இருந்தது என்பது விளங்கும். 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் கடையில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது. உலையில் போட்டால் வெந்துவிடும் அரிசியை விட்டு, குத்திப் புடைக்க வேண்டிய சாமையை நாள்தோறும் சமைக்கச் சொல்ல யாருக்கு உரிமை உண்டு? நகரத்தார் 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததைக் கொண்டாடி, சாமைப் பொங்கலுக்குத் தாராளமாக விலை கொடுத்தார்கள். அதில் நான் குறை காணவில்லை. விளைவித்தவனுக்கு நாலு காசு கூடுதலாகப் போய்ச் சேருமானால் மிகவும் நல்லது. ஆனால் மலையில் வெள்ளைச் சோறு விருந்தாளிக்கும் விசேஷத்துக்குமான கௌரவமாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. அந்தக் கௌரவத்தைத்தான் அவள் குழந்தைகளுக்குக் காசு கொடுத்து வாங்கித் தந்தாள் என்று நான் வாதித்துக்கொண்டேன்.

அந்த வாதத்தின் நடுவே, மாணவப் பருவத்தில் அரைகுறையாகப் படித்த மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. 1889இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சிட்டபோது வெளிச்சத்துக்கு வந்த அந்தப் பாட்டின் 583 அடிகளில் பெரும்பகுதி எனக்கு மறந்துவிட்டது. சாப்பாட்டுப் பகுதி மட்டும் மறக்கவில்லை. நன்னன் என்னும் மன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வருகிற வறிய கூட்டத்தாருக்கு மலைவழி சொல்கிறான். அந்த நன்னனின் செங்கண்மா என்பது ஜவ்வாது மலைக்குத் தெற்கே இருக்கும் இன்றைய செங்கம் என்று அறிஞர்கள் கொண்டிருக்கிறார்கள். இன்ன இடத்தில் தினைச் சோறும் நெய்யில் வெந்த இறைச்சியும் கிடைக்கும், இன்ன இடத்தில் மூங்கிலரிசியும் அவரையும் புளியும் சேர்ந்த உணவு கிடைக்கும், சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் நுழையுங்கள், உறவினரைப் போல் உரிமை கொண்டாடுங்கள் என்று அவன் அடுக்கிக்கொண்டே போகிறான். எதற்கும் விலை சொல்லவில்லை. உண்பவன் ஏழை, இடுபவனும் செல்வனல்லன், எனினும் எவரும் பாத்திரத்தை மூடிக்கொள்ளவில்லை. இவ்விடத்தில் என் வாதம் பலப்பட்டது என்று மகிழ்ந்திருக்க வேண்டும். மாறாக, அவள் கேளாமலே கடைக்காரர் நின்று ஊற்றிய குழம்புக்கும் விலை இல்லையே என்ற எண்ணம் வந்து குறுக்கே நின்றது.

பிறகு அம்மா நினைவுக்கு வந்தாள். அப்பா குமாஸ்தா. சம்பள நாளன்று மாலை எங்களை வேலூரில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப் போவார். எங்களுக்கு மசால் தோசை, அப்பாவுக்குக் காபி, அம்மாவுக்கு ஒன்றுமில்லை. "வீட்ல மோர்சாதம் இருக்கு" என்பாள். ஆனால் என் கிண்ணத்துச் சாம்பாரில் ஒரு விரல் நுனியைத் தோய்த்து நாவில் வைத்து, கண்களைத் தாழ்த்திச் சற்று யோசித்து, "தனியாவ வறுத்து அரைச்சிருக்கான், தேங்கா கொஞ்சந்தான்" என்று முணுமுணுப்பாள். அடுத்த வாரம் அந்தச் சாம்பார் எங்கள் வீட்டு அடுப்பில் கொதிக்கும். ஹோட்டலைவிட நன்றாயிருக்கிறது என்று அப்பா மனமாரச் சொல்வார். அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். "ருசி வந்துடும். அங்க உக்காந்திருந்தா இன்னொருத்தர் வந்து என்ன வேணும்னு கேக்கறாங்களே, அதுக்கு எங்க போறது?" என்பாள்.

இதை அம்மாவின் தியாகமென்று கூறிக் கண்கலங்குவது சுலபம். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. அந்த ஒரு விரல்நுனிச் சாம்பாரில் அவள் அடைந்த சந்தோஷம், முழுத் தோசையைத் தின்ற எங்களுக்குக் கிட்டியதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். நாள்தோறும் பிறருக்குப் பரிமாறுகிறவள் ஹோட்டலில் தேடுவது பதார்த்தத்தை அன்று, உட்காருவதை, கேட்கப்படுவதை. குறைந்த பணத்தில் அதைப் பெற அவளவளுக்கு ஒரு மார்க்கம் இருக்கிறது. மலைப்பெண்ணும் இரண்டு அளவுச் சாப்பாட்டின் கிரயத்தில் மூன்று பேராகப் பெஞ்சில் அமர்ந்தாள். வாளியோடு ஒருவர் வந்து அவளைக் கேட்டார். அவளுடைய நாவுக்குப் பழகிய சோற்றின்மேல் ஹோட்டல் குழம்பு விழுந்தது. இதைவிடச் சிக்கனமான, இதைவிட நிறைவான ஒரு போஜனத்தை என் கணக்கு நோட்டு எனக்குச் செய்து காட்டியதில்லை.

அப்படியானால் அந்த மூடி? தனக்குப் பிடித்த உணவைப் பிள்ளைகள் கேட்டுவிடுவார்களோ என்று மறைத்திருக்கலாமா? அந்தச் சிறுமி ஓரிரு முறை தூக்கின் பக்கம் எட்டிப் பார்த்தது உண்மை. வெள்ளைச் சோற்றில் அலுத்து அம்மாவின் சாமையை விரும்பினாளா, அல்லது அதில் தன் பங்கு எதுவும் இல்லையே என்று நிம்மதி அடைந்தாளா, அந்த முகத்திலிருந்து என்னால் படிக்க இயலவில்லை. நாணம் என்று கொண்டால் அந்தப் பெண்ணுக்கு நான் அநீதி செய்கிறேனோ என்று அச்சமாக இருக்கிறது. விருப்பம் என்று கொண்டால், வறுமையின் முகத்தைப் பாராமல் இருப்பதற்கு எனக்கு வசதியான ஒரு திரையைத் தொங்கவிட்டுக்கொள்கிறேனோ என்று அதைவிட அதிக அச்சமாக இருக்கிறது. வீட்டில் சாமை பொங்குகிற நாளில் ஒன்றும், வெளியே இலைமுன் உட்கார்ந்திருக்கிற நாளில் மற்றொன்றும் மெய்யென்று படுகிறது. இரண்டும் ஒரே கையில், ஒரே சமயத்தில் இருந்திருக்கவும் கூடும், எனக்குத் தெரியவில்லை.